நாலாயிரம் பிள்ளைகளை அழைத்து வந்த ஆசிரியை

மாணவியரே, போர்களைப் பற்றிப் படிக்கும்போது தளபதிகளின் பெயர்களே நம் பாடநூல்களில் முதலில் வருகின்றன. எந்தப் படை எங்கே வென்றது, எந்த உடன்படிக்கை எந்த ஆண்டில் கையெழுத்தாயிற்று என்று மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்தும் விடுகிறோம். அதே போர்களில் வீடிழந்து தெருவில் நின்ற குழந்தைகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர் யார் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. அத்தகையோருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டுப் பள்ளி ஆசிரியை லீயா மானிங் அம்மையார். தம் நாட்டிலும் ஸ்பெயினின் வடபகுதியான பாஸ்க் நாட்டிலும் பெரும்பெயர் பெற்றவர் அவர். நம் பக்கத்தில் அவரை அறிந்தோர் குறைவு என்பதால், இவ்வாண்டு மலரில் அவர் வரலாற்றை எழுத முற்பட்டோம்.

1886-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இங்கிலாந்தின் டிராய்ட்விச் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எலிசபெத் லீயா பெரட். தந்தையும் தாயும் இரட்சணிய சேனையில் ஊழியம் செய்தவர்கள். லீயாவுக்கு 14 வயதானபோது குடும்பம் பிழைப்புத் தேடிக் கனடாவுக்குக் கப்பலேறியது. லீயா மட்டும் இலண்டனில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் தங்கிவிட்டார். பெற்றோர் ஒரு கரையில், பிள்ளை மறு கரையில், நடுவே பெருங்கடல். இந்நிலை எப்படியிருக்கும் என்பதைச் சிறுவயதிலேயே அறிந்தவர் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஆயிரக்கணக்கான தாய்மாரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கப்பலேற்றும் பொறுப்பு அவருக்கே வந்து சேர்ந்தது.

கேம்பிரிட்ஜ் நகரின் ஹோமர்ட்டன் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அந்நகரிலேயே ஏழைகள் வாழும் பகுதியில் உள்ள பள்ளியில் பணியில் அமர்ந்தார். கேம்பிரிட்ஜ் என்றதும் நமக்குப் பல்கலைக்கழகமும் கோபுரங்களும் தோன்றும். அக்கோபுரங்களின் நிழலிலேயே காலைப் பட்டினியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் இருந்தனர். பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பது நம் ஊர் ஆசிரியைகளுக்கும் தெரிந்த செய்திதானே! லீயா அம்மையார் அதைத் தெரிந்துகொண்டதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு உணவு வேண்டும் என்று நகரத்தின் பெரியவர்களோடு வாதாடினார். பிறகு உடல் நலிந்த குழந்தைகளுக்கென்று திறந்தவெளியில் நடத்தப்பட்ட பள்ளியொன்றுக்குத் தலைமையாசிரியையானார். நல்ல காற்று, வெயில், வயிறார உணவு, அதன்பின் எழுத்து என்பது அப்பள்ளியின் முறை.

அங்கிருந்த வானியல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த வில்லியம் மானிங் என்பவரை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண்மகவு சில வாரங்களே உயிரோடிருந்தது. அதன்பின் அவருக்குப் பிள்ளை இல்லை.

1930-ஆம் ஆண்டில் நாட்டின் ஆசிரியர் சங்கத்துக்குத் தலைவரானார். மறு ஆண்டு தொழிற்கட்சியின் சார்பில் பாராளுமன்ற உறுப்பினராகி, சில மாதங்களிலேயே பொதுத்தேர்தலில் தோற்று வெளியே வந்தார். இவற்றை விரித்தெழுதினால் பக்கம் போதாது. நாம் சொல்ல வந்த கதை ஸ்பெயினில் இருக்கிறது.

1936-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஸ்பெயின் நாட்டுப் படைத்தலைவர்கள் சிலர் தங்கள் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். தளபதி பிராங்கோ அவர்களுக்குத் தலைவரானார். அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறு பக்கம் என்று நாடே இரண்டாகப் பிளந்தது. அயல்நாடுகள் என்ன செய்வது? அடுத்த மாதமே பிரிட்டனும் பிரான்சும் முன்னின்று, எவரும் எப்பக்கமும் சேர்வதில்லை, ஆயுதம் விற்பதில்லை என்று தலையிடாமை உடன்படிக்கை ஒன்றைக் கொண்டுவந்தன. ஜெர்மனியும் இத்தாலியும் அதில் சேர்ந்தன. சேர்ந்துகொண்டே பிராங்கோவுக்கு விமானங்களையும் வீரர்களையும் அனுப்பின. சோவியத் நாடு குடியரசுக்கு ஆயுதம் அனுப்பியது. உடன்படிக்கையை உண்மையாகக் கடைப்பிடிக்க முயன்ற நாடுகளுள் பிரிட்டன் முதலாவது. இன்னோர் ஐரோப்பியப் போர் வந்துவிடலாகாதே என்ற அச்சம் அதன் தலைவர்களை ஆட்டிவைத்தது. 1914-இல் தொடங்கிய பெரும்போரில் மாண்ட பிள்ளைகளை எண்ணி அழுத தாய்மார் அப்போதும் உயிரோடிருந்தனர். ஆதலால் அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாட முடியாது.

லீயா அம்மையார் இக்கொள்கையை வெளிப்படையாக எதிர்த்தார். ஸ்பெயினுக்கு மருத்துவரையும் தாதியரையும் மருந்தையும் அனுப்ப 1936 ஆகஸ்டில் தோன்றிய ஸ்பானிய மருத்துவ உதவிக் குழுவில் செயலாளராகப் பொறுப்பேற்றார்.

கத்தோலிக்கப் பள்ளியின் மலரில் ஸ்பெயின் போரைப் பற்றி எழுதும்போது ஒரு செய்தியை மறைத்துச் செல்வது நேர்மையாகாது. குடியரசின் ஆட்சியிலிருந்த பல பகுதிகளில் கோவில்கள் எரிக்கப்பட்டன. ஆயர்கள், குருக்கள், துறவியர், கன்னியர் என 6,800-க்கும் மேற்பட்டோர் அப்போரில் கொல்லப்பட்டனர். ஆகவே உலகெங்கும் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் பிராங்கோவின் வெற்றிக்காகச் செபித்தனர். இங்கிலாந்திலும் அப்படியே. ஆனால் பாஸ்க் நாட்டின் நிலை வேறு. அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகத் திருச்சபையில் ஊறியவர்கள். அங்கே கோவில் மணிகள் ஒலித்தன, திருப்பலிகள் நடந்தன, குருக்கள் அங்கியோடு தெருவில் நடமாடினர். தங்களுக்குத் தன்னாட்சி அளித்த குடியரசின் பக்கமே அவர்கள் நின்றனர். பிராங்கோவின் படையினர் பாஸ்க் குருக்கள் சிலரைச் சுட்டும் கொன்றனர். இரு பக்கத்திலும் செபமாலை உருட்டிய கைகள் இருந்தன. எவர் பக்கம் இறைவன் இருந்தார் என்று தீர்ப்புச் சொல்ல நாம் துணியோம்.

1937-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் பிராங்கோவின் படை பாஸ்க் நாட்டின்மீது பாய்ந்தது. தலைநகரான பில்பாவோவில் அகதிகள் வந்து குவிந்தனர். கடல்வழியைப் பிராங்கோவின் போர்க்கப்பல்கள் மறித்தன. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் அத்துறைமுகத்துக்குப் போகவேண்டாம் என்று இலண்டன் அரசு அறிவுரை கூறியது. ஏப்ரல் 20-ஆம் நாள் ஒரு பிரிட்டிஷ் கப்பல் உணவு மூட்டைகளோடு துணிந்து உள்ளே நுழைந்தபோது, கரையில் நின்ற மக்கள் ஆரவாரம் செய்து வரவேற்றனராம். அதற்கு முன்பு அவர்கள் உண்டது கருப்பு ரொட்டியும் கொண்டைக்கடலையும்.

குழந்தைகளையேனும் இந்நரகத்திலிருந்து வெளியேற்ற வழியுண்டா என்று பார்க்கும் பொருட்டு லீயா அம்மையார் ஏப்ரல் 24-ஆம் நாள் பில்பாவோ வந்து சேர்ந்தார். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 26, திங்கட்கிழமை, கெர்னிக்கா என்னும் ஊரில் சந்தை கூடும் நாள். பாஸ்க் மக்களின் பழைய உரிமைகளுக்குச் சான்றாக ஒரு கருவாலி மரம் நிற்கும் புனிதமான ஊர் அது. பிற்பகலில் ஜெர்மானிய விமானங்கள் அலையலையாக வந்து குண்டுகளையும் தீக்குண்டுகளையும் பொழிந்தன. இத்தாலிய விமானங்களும் அதில் பங்குகொண்டன. மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அழிவு நடந்தது. வயலுக்கு ஓடியவர்களையும் தாழப் பறந்து சுட்டார்கள். ஊரின் பெரும்பகுதி எரிந்து போயிற்று; மரம் மட்டும் தப்பியது. விமானத் தாக்குதலுக்கு எதிராக ஒரு சிற்றூர் எவ்வளவு கதியற்றது என்பதை உலகம் அன்று கண்டது. பில்பாவோவின் தாய்மார் அன்றிரவே முடிவெடுத்திருப்பார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

பாஸ்க் அரசு உலக நாடுகளை நோக்கிக் கையேந்தியது. பிரான்சும் பெல்ஜியமும் சோவியத் நாடும் பிள்ளைகளை ஏற்றன. பிரிட்டனோ தயங்கியது. அகதிகளை ஏற்பது ஒரு பக்கம் சேர்வதாகாதா என்பது அரசின் கேள்வி. போரிடும் நகரத்திலிருந்து உண்ணும் வாய்களைக் குறைத்தால் அது அந்நகரத்துக்கு உதவியாகாதா என்றும் வாதிட்டனர். அங்குள்ள தட்பவெப்பம் அப்பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பிரதமர் பால்ட்வின் கூறியதாகவும் சொல்வார்கள். குண்டு விழும் ஊரின் தட்பவெப்பம் மட்டும் ஒத்துக்கொண்டதா என்று நாம் கேட்கலாம்!

லீயா அம்மையார் பில்பாவோவில் உட்கார்ந்துகொண்டு தந்திமேல் தந்தியாக அனுப்பினார். அரசியல் தலைவர்கள், தொழிற்சங்கத்தார், திருச்சபைப் பெரியோர் ஒருவரையும் விடவில்லை. இலண்டனில் அவருக்குத் துணையாக நின்ற குழுவின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. ஸ்பானிய நிவாரணத்துக்கான கூட்டுக்குழுவுக்குத் தலைவராக இருந்தவர் அத்தோல் கோமகள். அவர் ஆளும் பழமைக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர், பிரபு குலத்தவர். செயலாளர்களுள் ஒருவர் தாராளக் கட்சிக்காரர். பில்பாவோவில் இருந்த ஆசிரியையோ தொழிற்கட்சிக்காரர். வேறெந்தப் பொருளிலும் ஒத்துப்போகாத இவர்கள் பிள்ளைகளின் பொருட்டு ஒரே மேசையில் அமர்ந்தார்கள். இதற்காகத் தம் கட்சியாரின் கோபத்துக்கு ஆளான கோமகள் 1938-இல் தம் தொகுதியையே இழந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹிட்லரோடு செய்துகொண்ட மூனிச் உடன்பாட்டை எதிர்த்தது அதற்கு உடனடிக் காரணம்.

கெர்னிக்காவின் செய்தி இலண்டன் நாளேடுகளில் வெளிவந்தபின் பொதுமக்களின் நெஞ்சம் இளகியது. அரசும் இறங்கிவந்தது, ஆனால் நிபந்தனைகளோடு. அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு காசும் கிடைக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 10 ஷில்லிங் வீதம் குழுவே உறுதியளிக்க வேண்டும். எல்லாக் கட்சிகளையும் சேர்ந்த குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகளை எடுக்க வேண்டும். ஒரு பக்கச் சார்பு தோன்றக்கூடாது. இயன்ற விரைவில் திருப்பியனுப்ப வேண்டும். முதலில் 2,000 பிள்ளைகள் என்றனர். அம்மையார் 4,000 என்று பிடிவாதம் பிடித்தார். 12 வயதுக்கு உட்பட்டோர் மட்டும் என்றனர். பகைவர் படை நுழையும் ஊரில் 13, 14 வயதுப் பெண்பிள்ளைகளை விட்டுவர எந்தத் தாய் ஒப்புவாள் என்று அவர் போராடியதால், எல்லை 15 ஆக உயர்ந்தது. இதைப் படிக்கும் உங்களுள் பலர் அவ்வயதினரே.

பில்பாவோவில் பெயர் பதியும் அலுவலகத்தின் முன் பெற்றோர் வரிசையில் நின்றனர். பில்பாவோ பிழைத்துவிடும், மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தேற்றினர். தங்களையும் அப்படியே தேற்றிக்கொண்டனர். இங்கிலாந்திலிருந்து வந்த மருத்துவர்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சோதித்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் எண் பொறித்த அட்டை வில்லை ஒன்று குத்தப்பட்டது. ஒரு சிறு மூட்டை, மாற்றுடை, வில்லை. அவ்வளவே அவர்கள் உடைமை.

1937-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் காலை ஹபானா என்னும் கப்பல் புறப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகளுக்காகக் கட்டப்பட்ட அக்கப்பலில் 3,800-க்கும் மேற்பட்ட பிள்ளைகளும், ஆசிரியைகளும், 120 உதவிப் பெண்களும், 15 குருக்களும் ஏறியிருந்தனர். தளத்திலும் நடைவழியிலும் உயிர்காப்புப் படகுகளிலும்கூடப் பிள்ளைகள் படுத்துக்கொண்டனர். நெடுநாள் பட்டினியிருந்தவர்கள் கிடைத்ததை எல்லாம் அவசரமாக உண்டனர். பிஸ்கே விரிகுடாவின் அலைகளோ பெரியவர்களையே புரட்டியெடுப்பவை. கேட்கவா வேண்டும்! இரண்டு நாளும் இரண்டு இரவும் லீயா அம்மையாரும் மருத்துவர்களும் வாந்தியையும் கழிவையும் துடைத்துக்கொண்டும், அழும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும் கப்பலெங்கும் வழுக்கி வழுக்கி நடந்தனர். ஆசிரியர் சங்கத் தலைவராக இருந்தவர், பாராளுமன்றத்தில் அமர்ந்தவர், ஐம்பது வயதைக் கடந்தவர் செய்த வேலை இது. பிரிட்டிஷ் அரசு பணம் தர மறுத்தது உண்மை. அதே அரசின் போர்க்கப்பல்கள் ஹபானாவுக்குக் காவலாக உடன்வந்தன என்பதும் உண்மை. நடுநிலை என்பது சில வேளைகளில் இப்படித்தான், ஒரு கையை மூடிக்கொண்டு மறு கையை நீட்டும்.

மே 23, ஞாயிற்றுக்கிழமை காலை கப்பல் சௌதாம்ப்டன் துறையை அடைந்தது. ஊரெங்கும் கொடிகளும் தோரணங்களும்! தங்களை வரவேற்கவே இத்தனை அலங்காரமும் என்று பிள்ளைகள் எண்ணிப் பூரித்துப்போயினர். பதினொரு நாளைக்கு முன்பு நடந்த ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குக் கட்டியவை அவை. பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் மனம் வந்திராது என்றே நினைக்கிறோம்.

நகருக்கு வெளியே நார்த் ஸ்டோன்ஹாம் என்னுமிடத்தில் ஒரு விவசாயி தம் வயல்களை விட்டுக்கொடுத்திருந்தார். இரண்டு வாரத்துக்குள் சாரணர்களும் தொழிலாளரும் மாணவரும் இல்லத்தரசிகளும் சேர்ந்து அங்கே கூடாரங்களை எழுப்பி, குழாய் பதித்து, சமையற்கூடம் கட்டி, வைக்கோல் மெத்தைகளைத் தைத்து முடித்திருந்தனர். சனி ஞாயிறு விடுமுறையில் வந்து குழி வெட்டியோர் பலர். கரையிறங்கிய பிள்ளைகளின் மணிக்கட்டில் நிற நாடாக்கள் கட்டப்பட்டன. எவரைக் குளிப்பாட்டிப் பேன் எடுக்க வேண்டும், எவரை நேரே அனுப்பலாம் என்பதற்கு அது அடையாளம். வெள்ளை ரொட்டியைக் கண்டதும் பிள்ளைகள் திகைத்தனர். பலர் அதைச் சட்டைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டனர். நாளை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பட்டறிவுதான் காரணம். பக்கத்தில் ஒரு விமான நிலையம் இருந்தது. விமான ஒலி கேட்டால் போதும், சிறுவர்கள் அலறிக்கொண்டு மரத்தடியிலும் பள்ளத்திலும் போய்ப் பதுங்கினர்.

ஜூன் 19-ஆம் நாள் பில்பாவோ வீழ்ந்தது. முகாமில் ஒலிபெருக்கி வழியாக அச்செய்தியை அறிவித்தார்கள். நம் கருத்தில் அது பெரும் பிழை. கூடாரத்துக்குக் கூடாரம் அமைதியாகச் சொல்லியிருக்கலாம். அவரவர் ஆசிரியை வாயால் கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பல்லாயிரம் காதுகளில் ஒரே நேரத்தில் இடி விழுந்தது. அப்பா என்ன ஆனார், அம்மா எங்கே என்று அங்கிருந்த பிள்ளைகள் ஒருசேரக் கதறிய ஓலம் அப்பகுதியை உலுக்கியது. சிலர் ஒலிபெருக்கிமீது கல்லெறிந்தனர். பெரிய பையன்கள் பலர் முகாமை விட்டு வெளியே ஓடினர். ஸ்பெயினுக்குக் கப்பல் தேடிப் போய்ப் போரிடுவதாக எண்ணம். மூன்று மாதம் என்ற வாக்கு அன்றோடு முடிந்தது.

முகாம் தற்காலிகமானது. பிள்ளைகளை நாடெங்கும் பிரித்து வைக்க வேண்டும். இரட்சணிய சேனை 400 பேரை ஏற்றது. கத்தோலிக்கத் திருச்சபை 1,200 பேரை ஏற்றது. வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் ஹின்ஸ்லி அவர்கள் ஸ்பெயின் போரில் பிராங்கோவின் பக்கம் பரிவு கொண்டவர். பிள்ளைகள் விரைவில் தங்கள் நாடு திரும்ப வேண்டும் என்ற கருத்துடையவர். இங்கிலாந்தின் கத்தோலிக்கருள் பலர் இம்முயற்சியையே ஐயக்கண்ணோடு பார்த்தனர். குடியரசுக்காகப் போரிடுவோரின் பிள்ளைகள் அல்லவா? அப்படியிருந்தும் கன்னியர் மடங்களும் அநாதை இல்லங்களும் கதவைத் திறந்தன. ஏற்கெனவே பிள்ளைகள் நிறைந்திருந்த இல்லங்களில் கட்டில்களை நெருக்கிப் போட்டு இடம் செய்தனர். மொழி தெரியாத சிறுமிக்கு முகம் கழுவிவிட்டுச் சிலுவையடையாளம் வரையக் கையைப் பிடித்தால், அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது! பாஸ்க் நாட்டு அன்னையர் கற்றுக்கொடுத்தது அது. அரசியல் பக்கங்களைக் குறித்துச் சண்டையிட்ட பத்திரிகைகளுக்கு இதைப் பற்றி எழுத இடமிருந்ததாகத் தெரியவில்லை.

ஏனைய பிள்ளைகள் பழைய மாளிகைகளிலும் குருமனைகளிலும் சிறு சிறு குடியிருப்புகளாக வாழ்ந்தனர். ஏறத்தாழ நூறு குடியிருப்புகள். அம்மையார் முன்பு பணிபுரிந்த கேம்பிரிட்ஜிலும் ஒன்று இருந்தது. செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? தொழிலாளர்கள் வாரக்கூலியிலிருந்து பென்னிகளைச் சேர்த்தனர். பிள்ளைகளும் தங்கள் நாட்டு உடையணிந்து ஊர் ஊராகப் போய் ஆடிப்பாடிக் காசு திரட்டினர். எல்லாம் இனிமையாக நடந்தது என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் சில இடங்களில் பையன்கள் கலகம் செய்தனர். பத்திரிகைகள் சில அதை ஊதிப் பெரிதாக்கின. முதலில் இரங்கியோருள் சிலர் சலித்துப்போயினர். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது அங்கேயும் உண்டு போலும்.

திருப்பியனுப்பும் வேலை அவ்வாண்டின் இறுதியிலேயே தொடங்கியது. பெற்றோர் தாமாகவே அழைக்கிறார்களா, வற்புறுத்தலினால் எழுதுகிறார்களா என்று கடிதங்களை ஆராய வேண்டியிருந்தது. தந்தை சிறையில், தாய் பிரான்சில், வீடு இடிபாட்டில் என்றிருந்த பிள்ளையை எங்கே அனுப்புவது? 1939 பெப்ரவரியில் பிரிட்டன் பிராங்கோவின் அரசை ஏற்றுக்கொண்டது. ஏப்ரல் முதல் நாள் போர் முடிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஐரோப்பாவையே போர் விழுங்கியபோது 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளே இங்கிலாந்தில் எஞ்சியிருந்தனர். தங்களை ஏற்ற நாட்டின் நகரங்களிலும் குண்டுகள் விழுவதை அவர்கள் கண்டனர்.

பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்தது சரிதானா? இக்கேள்வியை அப்போதே கேட்டார்கள். நாமும் தவிர்க்க முடியாது. சிலர் பெற்றோரை மறுபடி காணவேயில்லை. சிலர் பல ஆண்டு கழித்துத் திரும்பியபோது தாய்மொழியே தட்டுத்தடுமாறியது. அண்ணன் தங்கைகள் வெவ்வேறு ஊர்களில் வளர்ந்தனர். தாயோடு சேர்த்துக் கொண்டுவந்திருக்கலாமே என்றால், அதற்கு அரசு இசையவில்லை. குண்டுக்கும் பட்டினிக்கும் நடுவே நின்றுகொண்டு இன்றைய நிதானத்தோடு எடைபோட அம்மையாருக்கு வாய்ப்பில்லை. கப்பலை நிரப்புவதா வேண்டாமா என்பதே அவர்முன் இருந்த கேள்வி. அவர் நிரப்பினார். நாமாயிருந்தாலும் அதையே செய்திருப்போம் என்று சொல்லத் தோன்றுகிறது. செய்யும் துணிவு வந்திருக்குமா என்பது வேறு.

1938-ஆம் ஆண்டு கோடையில் அவர் மறுபடி ஸ்பெயின் சென்றார். எப்ரோ ஆற்றங்கரையில் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. விமானங்களுக்கு அஞ்சி ஒரு மலைக்குகையையே மருத்துவமனையாக்கியிருந்தனர். அங்கே பிழைக்க வழியில்லாத வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அருகே இரவெல்லாம் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் அம்மையார். அதே ஆண்டு ஜூனில் நம் பண்டித நேருவும் பார்சிலோனா நகருக்குச் சென்று குண்டுவீச்சை நேரில் கண்டார் என்பதை இங்கே இடையில் குறித்துவைக்கிறோம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-இல் எப்பிங் தொகுதியிலிருந்து மீண்டும் பாராளுமன்றம் சென்றார் லீயா அம்மையார். அதற்கு முன் அத்தொகுதி சர்ச்சிலுடையதாக இருந்தது. எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபின் அவர் வேறிடம் சென்றிருந்தார். 1950-இல் தோற்றபின் அம்மையார் மறுபடி வெல்லவில்லை. அத்தொகுதியில் புதிதாக எழுந்த ஹார்லோ நகரத்தோடு அவருக்கிருந்த தொடர்பு கடைசிவரை நீடித்தது. முதியோருக்கென அங்கே அமைந்த பகல்நேர மையம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1966-இல் அரசு அவருக்கு டேம் என்னும் உயர்ந்த பட்டத்தை அளித்தது. 1970-இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். அதன் தலைப்பில் ஸ்பெயின் இல்லை, கல்விதான் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கான இல்லத்தில் 1977 செப்டம்பரில், தம் 91-ஆம் வயதில் காலமானார்.

அவர் அழைத்துவந்த பிள்ளைகளுள் 250 பேரளவில் போருக்குப் பின்னும் இங்கிலாந்திலேயே தங்கி, அங்கேயே மணந்து குடும்பம் கண்டனர். சௌதாம்ப்டனில் பந்தாடக் கற்ற சபினோ பாரினாகா என்ற பையன் ஸ்பெயின் திரும்பி ரியல் மாட்ரிட் குழுவில் புகழ்பெற்றார். தங்கிவிட்டவர்களும் திரும்பியவர்களும் முதுமையில் ஒருவரையொருவர் தேடிக் கண்டு கூடினர். அட்டை வில்லையைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் அதைக் கொண்டுவந்து காட்டினர். பில்பாவோ நகரில் 2002-ஆம் ஆண்டு ஒரு பூங்காவுக்கு லீயா மானிங் அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டது. எந்த ஊர் வீழ்ந்த செய்தி கேட்டு அப்பிள்ளைகள் கதறினார்களோ, அதே ஊர்.